சக்கரம் இல்லாத மவுஸ்

போன வாரம் காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போகும் நேரம் செல்போன் முனகியது. எங்கள் கண்ட்ரோல் ரூம் ஆட்களின் வாட்ஸ்அப் குழு அது. ஓய்வு பெற்ற கிழங்களும் இன்னும் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகளும் கலந்து கிடக்கிற இடம். இப்போது அங்கே ஷிப்ட் பொறுப்பில் இருக்கும் குமரேசன் ஒரு படம் போட்டிருந்தான். மேஜைமேல் வரிசையாகப் புது மவுஸ்கள். ஒன்றில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிகிறது. ஒன்று ஒருக்களித்துப் படுத்த மாதிரி சாய்ந்து நிற்கிறது. ஒன்றுக்கு வயரே இல்லை. கீழே எழுதியிருந்தான்: "கண்ட்ரோல் ரூமுக்குப் புதுசு வாங்கறோம். எது நல்லாருக்கும்? பெரியவங்க சொல்லுங்க."

நம் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்? "வெளக்கு எரியறத வாங்குப்பா, கரண்டு போனா ஒதவும்" என்றார் ஒருவர். "பூனைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார் இன்னொருவர். அந்தக் கிண்டலுக்கு நடுவில் பிலோமினா மட்டும் ஒரே வரி போட்டிருந்தாள்: "சக்கரம் வேணாம்." அதற்கு ஒரு சின்னப் பையன், "ஏங்க்கா, பஞ்சர் ஆயிடுமா?" என்று கேட்டு நாலு சிரிப்பு பொம்மை போட்டிருந்தான்.

நான் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லா மவுஸுக்கும் நடுவில் சக்கரம். வாயில் வைத்த இட்லி உள்ளே இறங்கவில்லை.

"இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி ஆயிடுச்சி? யாருக்குனா எதுனா ஆயிடுச்சா?" என்றாள் மனைவி.

"மவுஸ் வாங்கப் போறாங்களாம்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மவுஸ் படத்தைப் பார்த்து வேர்த்துப் போகிற மனுஷன் இந்தத் திருவொற்றியூரிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். அந்தக் குழுவில் இருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் சிரிப்பு பொம்மை போடுவார்கள்.

நான் வேலை பார்த்தது எண்ணூர்ப் பக்கம் ஒரு தனியார் நிலக்கரி யார்டில். கப்பலிலிருந்து இறங்கும் கரி ரப்பர் பெல்ட்டுகளில் ஏறி யார்டுக்கு வரும். ஒவ்வொரு பெல்ட்டும் கயிற்றுக்கட்டில் அகலம், ஒரு தெரு நீளம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்தான் அவற்றுக்குப் பெயர். எல்லாவற்றையும் பார்க்கிற மாதிரி உயரத்தில் கண்ணாடி போட்ட ஒரு அறை. அதுதான் கண்ட்ரோல் ரூம். ஐ.டி.ஐ. முடித்து எலக்ட்ரிஷியனாக நுழைந்து, வயர் இழுத்து, ஏணி சுமந்து, ஷாக் அடித்து விழுந்து எழுந்து, கடைசியில் அந்தக் கண்ணாடி அறைக்குள் நாற்காலி கிடைத்தது. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எல்லோரும் படுகிற பாடுதான்.

நான் உள்ளே போன காலத்தில் சுவரில் ஒரு இரும்புப் பலகை இருந்தது. ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். நாலாம் பெல்ட்டை ஓட்ட வேண்டுமென்றால் எழுந்துபோய் நாலாம் பொத்தான் முன்னால் நிற்க வேண்டும். அஞ்சு என்றால் ஓர் அடி தள்ளி நிற்க வேண்டும். எந்த பெல்ட் என்று உடம்புக்கே தெரியும். பிறகு ஒரு நாள் பலகையைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டர் வைத்தார்கள். ஒரு தெரு நீள பெல்ட்டை இந்த எலிக்குட்டி ஓட்டுமா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன்.

எங்கள் ஷிப்ட் இன்ஜினியர் காதர் சார். தண்டையார்பேட்டைக்காரர். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். "இன்னா நைனா" என்றால் பிழைத்தோம். "வாங்க தேவராஜ், குந்துங்க" என்றால் தொலைந்தோம். கம்ப்யூட்டர் வந்த அன்று அவர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்:

"இம்மா நாளும் நீ பொத்தான் கிட்ட போனே. இனிமே பொத்தான் உங்கிட்ட வருது. கிட்ட வர்றது எதுவா இருந்தாலும் கொஞ்சம் பயந்துக்கோ நைனா."

அந்தக் காலத்து மவுஸுக்கு வயிற்றில் ஒரு ரப்பர் குண்டு இருக்கும். எங்கள் இடத்தில் கரித்தூசிக்குக் கதவும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. டீயில் விழும், டிபன் பாக்ஸில் விழும், மவுஸுக்குள் மட்டும் விழாதா? திரையில் காலையில் ஓடுகிற அம்பு மத்தியானம் நொண்டும். அதனால் காதர் சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பதற்கு முன்னால் மவுஸை ஒப்படைக்க வேண்டும். அதைக் கவிழ்த்து, வயிற்று மூடியைத் திருகி, குண்டை உள்ளங்கையில் விழவைத்து, பழைய பனியன் துணியால் துடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் தூசி கறுப்பு மோதிரம் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். அதை நகத்தால் சுரண்ட வேண்டும். பிளேடு கூடாது, கீறிவிடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் போகும். மூடியதும் அம்பைத் திரையின் மேல் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மெதுவாக இழுத்துக் காட்ட வேண்டும். "தாவிச்சின்னா மறுபடி பிரி" என்பார்.

பிலோமினா வேலைக்குச் சேர்ந்த புதிதில் நகத்தைத் தொடவே இல்லை. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, அந்தக் கறுப்பு மோதிரத்தை அப்படியே தோல் உரிப்பது போல எடுத்துப் போட்டாள். காதர் சார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது ஒண்ணு இங்கியே வெச்சிட்டுப் போம்மா" என்றார். அன்றிலிருந்து மேஜை டிராயரில் ஒரு ஹேர்பின் அரசாங்க சொத்து மாதிரி கிடந்தது. பிலோ ராயபுரத்துப் பெண். மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். குரல் கணீரென்று இருக்கும். மைக்கில் அவள் பெல்ட் நம்பர் சொன்னால் கப்பலில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

குண்டு போய் வயிற்றில் சிவப்பு வெளிச்சம் எரிகிற மவுஸ் வந்தபோது காதர் சார் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மார்க்கெட்டில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்குகிற மாதிரி வாங்கினார். பெட்டியைப் பிரிக்கச் சொல்வார். காதோரம் வைத்துப் பொத்தானை அமுக்குவார். ஒரு அமுக்குக்கு ஒரு 'டிக்' கேட்க வேண்டும், இரண்டு கேட்டால் தள்ளிவிடுவார். பேன்ட் துணிமேல் ஓட்டிப் பார்ப்பார், செய்தித்தாள்மேல் ஓட்டிப் பார்ப்பார். இடது கைக்காரன் உட்கார்ந்தாலும் பொருந்த வேண்டும் என்று கையை மாற்றிப் பிடிப்பார். அழுக்கு தெரிய வேண்டும் என்று வெள்ளை நிறமே கேட்பார். வயர் இல்லாததைக் காட்டிய கடைக்காரரிடம், "வாலு இல்லாத எலி எங்க ஓடும்னு எவனுக்குத் தெரியும் பாய்? பேட்டரி தீந்தா நான் எங்க போய் நிக்கிறது?" என்றார். நடுவில் சக்கரம் வைத்ததை நீட்டியபோது முகத்தைச் சுளித்தார்.

"தூசி பூந்துகினு போறதுக்கு இன்னொரு ஓட்டை. வேணாம். சும்மா ரெண்டு பொத்தான் வெச்சது குடு."

தூசிக்காகத்தான் அவர் சக்கரத்தை வேண்டாம் என்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த புது மவுஸ்களுக்கு முதல் ஆபத்து ஆயுத பூஜையில் வந்தது. பெல்ட், மோட்டார், சுத்தியல், நாற்காலி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் வந்து பார்த்தால் ஒரு அம்பும் அசையவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கப்பல் காத்துக் கிடக்கிறது. காதர் சார் ஒரு மவுஸைக் கவிழ்த்தார். வயிற்றில் வெளிச்சம் எரிகிற ஓட்டையின் மேலேயே காய்ந்து போன சந்தனம், நடுவில் அழகாகக் குங்குமம். எல்லா மவுஸுக்கும் அப்படித்தான். முதுகில் வைத்தால் கை பட்டு அழிந்துவிடும், சாமிக் குத்தம் ஆகிவிடும் என்று எங்கள் ஆள் ஒருவர் யோசித்திருக்கிறார். சிவப்பாக எரிவது அவருக்கு நெற்றிக்கண் மாதிரி தெரிந்ததாம்.

நாங்கள் "வாங்க, குந்துங்க" வரப்போகிறது என்று பயந்து நின்றோம். காதர் சார் ஹேர்பின்னைக் கையில் எடுத்துக்கொண்டு, "பொட்டு வைங்கப்பா, நான் வேணான்னு சொல்லல. அதோட கண்ணுலியே ஏம்பா வெக்கிறீங்க? முதுவுல வைங்க" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவரே வந்து பக்கத்தில் நின்று, எங்கே வைக்கிறோம் என்று பார்த்துவிட்டுப் போவார்.

அவர் வைத்த சட்டங்களிலேயே பெரியது பெல்ட் ஓட்டுகிற சட்டம். திரையில் ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொட்டால் பெல்ட் எண்கள் வரிசையாகத் தொங்கும். வேண்டிய எண்ணைத் தொட்டால் அது கட்டத்தில் உட்காரும். உட்கார்ந்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். கட்டத்தில் இருப்பதை மைக்கில் படிக்க வேண்டும். அப்புறம் எச்சரிக்கைக்கு ஹூட்டர் அலறவிட வேண்டும். அப்புறம்தான் திரையின் அடிப்பக்கம் போய் 'ஓட்டு' என்பதை அமுக்க வேண்டும். "கைய எடு, படி, அமுக்கு." இதை அவர் பேச்சில் கேட்டுக் கேட்டு வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போதுகூட எனக்கு வாய் முணுமுணுக்கும்.

ஹூட்டர் எல்லா பெல்ட்டுக்கும் ஒன்றுதான். எந்த பெல்ட் ஓடப்போகிறது என்பது கீழே நிற்கிறவனுக்கு மைக்கில் வரும் குரலில்தான் தெரியும். மேலேயிருந்து யாரும் ஓட்ட முடியாதபடி பெல்ட் பக்கத்திலேயே பூட்டிவிட்டு வேலை செய்ய ஒரு ஸ்விட்சுப் பெட்டி உண்டு. ஆனால் அஞ்சாம் பெல்ட்டின் பெட்டி கடல் காற்றில் துருப்பிடித்து மாற்றுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதனால் அங்கே உயிரெல்லாம் அந்தக் குரலில் இருந்தது.

காதர் சார் மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்த சமயம், ஆபீஸிலிருந்து புதுக் கம்ப்யூட்டர்கள் அனுப்பினார்கள். கூடவே கறுப்பாக, வழவழவென்று, நடுவில் சக்கரம் வைத்த மவுஸ்கள். "சோக்கா கீதுல்ல?" என்று எல்லோரும் ஆளுக்கு ஒருமுறை உருட்டிப் பார்த்தார்கள். புதுத் திரை கொஞ்சம் சின்னது. 'ஓட்டு' பொத்தான் அடியில் மறைந்துவிடும். அதைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பக்கத்தைக் கீழே உருட்ட வேண்டும். அதற்குச் சக்கரம் வசதியாக இருக்கும் என்று சொன்னார்கள். சில சமயம் உருட்டினால் பக்கம் நகராது. தூசி சிக்கிக்கொண்டது என்று நினைத்து, திரை ஓரத்தில் இருக்கும் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொள்வோம். வேறு ஊர்க்காரனாக இருந்தால் புது மவுஸ் ஏன் சிக்குகிறது என்று யோசித்திருப்பான். எங்களுக்கு மவுஸ் என்றாலே சிக்கும். அது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம்.

அன்று மழை விட்டு வெயில் அடித்த முற்பகல். நான் கப்பல் பக்கத்து மேஜையில். பக்கத்து மேஜையில் பிலோ. நனைந்த கரி கொட்டிக் கிடந்ததால் ஒப்பந்த ஆட்கள் பெல்ட் அடியில் வழித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சாம் பெல்ட்டின் கடைசி உருளைக்கு அடியில் இருந்தவர் ஏழுமலை. சடையங்குப்பத்துக்காரர். மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்பதால், மழை நாளில் வீட்டைவிட இங்கே நன்றாக இருக்கிறது என்று சிரிக்கிற ஆள்.

பிலோவின் குரல் கேட்டது. "நாலாம் பெல்ட் ஓடப் போகுது. நாலாம் பெல்ட். எல்லாரும் விலகிக்கோங்க." ஹூட்டர் அலறி ஓய்ந்தது. கொஞ்சம் பொறுத்து பெல்ட் உறுமுகிற சத்தம். உடனே என் திரையில் சிவப்பு. அஞ்சாம் பெல்ட்டில் யாரோ, ஆபத்தில் பெல்ட்டை நிறுத்த ஓரமாகக் கட்டியிருக்கும் கயிற்றை இழுத்திருக்கிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆட்கள் எல்லாம் அஞ்சை நோக்கி ஓடுகிறார்கள்.

"அங்க ஏண்ணே ஓடறாங்க?" என்றாள் பிலோ. "நான் நாலுதானே போட்டேன்?"

ஏழுமலையின் கூட்டாளி கயிற்றை இழுக்காவிட்டால் ஆளே போயிருப்பார். வலது கை உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தூக்கிக்கொண்டு போனபோது நான் படியில் நின்று பார்த்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். திரும்பி மேலே வந்தபோது பிலோ அழவில்லை. பேய் அறைந்தவள் மாதிரி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து நடந்தது எனக்கு அந்தக் கையைப் பார்த்ததைவிடப் பெரிய அதிர்ச்சி. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "மைக்குல இன்னா கேட்டே?" என்றார். "நாலு" என்றேன். "திரையைப் பாத்தியா?" பார்க்கவில்லை. "அப்ப நாலுன்னு சொல்லிட்டு அஞ்சை அமுக்கியிருக்கா" என்றார். நான் சொன்ன உண்மை அவள் தலையில் போய் விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி ஏழுமலையிடமும் கேட்டார்கள்: "நல்லா யோசிச்சி சொல்லு. அஞ்சுன்னுதானே கேட்டுது? கேட்டும் ஒதுங்காம இருந்துட்டே, அதானே?" அப்படிச் சொன்னால் தப்பு அவர் மேல். நஷ்டஈடு கிடையாது. நாலு என்று சொன்னால் பிலோவுக்கு வேலை கிடையாது, கேஸ் வேறு. யாராவது ஒருவர் பழியைச் சுமந்தாக வேண்டும். இரண்டு ஏழைகளைக் கோழிச் சண்டைக்கு விட்ட மாதிரி விட்டார்கள். துருப்பிடித்த பெட்டியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஏழுமலை வலியோடு சொன்னது: "நாலுன்னுதான் கேட்டுது."

மறுநாள் பிலோவை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் காதர் சார் வந்தார். கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார். சட்டையில் அத்தர் வாசனை. பிலோ எழுந்து நின்றாள். அவர் வாயிலிருந்து "வாங்க" வந்துவிடுமோ என்று நானும் எழுந்துவிட்டேன்.

"இன்னாம்மா பிலோ, எதுனா துன்னியா?" என்றார்.

அப்போதுதான் அவள் அழுதாள்.

காதர் சார் மெயின் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப எவனாலும் எதையும் ஓட்ட முடியாது" என்றார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "குந்துங்க சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மேனேஜருக்கு அதன் அர்த்தம் தெரியாது. உட்கார்ந்தார்.

"நேத்து செஞ்சத அப்டியே செய்மா."

பிலோ கட்டத்தைத் தொட்டாள். நாலு. கையை எடுத்தாள். "நாலாம் பெல்ட்" என்று படித்தாள். திரை ஓரத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே போனாள். 'ஓட்டு' அமுக்கினாள். மேலே போய்ப் பார்த்தால் நாலு, நாலாகவே இருந்தது.

"பாத்தீங்களா? ஒழுங்கா செஞ்சா ஒழுங்காதான் வருது" என்றார் மேனேஜர். பிலோ தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் முடிந்தது என்றுதான் தோன்றியது.

காதர் சார் மேஜைமேல் குனிந்தார். மவுஸைக் கையில் எடுத்து வயர் எட்டுகிற வரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திருப்பினார், கவிழ்த்தார், மறுபடி நிமிர்த்தினார். எங்கள் அறையில் எந்தச் சாமானை எடுத்தாலும் மேலே கரி படிந்திருக்கும். அந்த மவுஸின் சந்து பொந்தெல்லாம் கரித்தூசி.

"சக்கரம் மட்டும் பளிச்சினு கீது" என்றார். "இத்த எப்பம்மா தொடுவே?"

"கீழ போறதுக்கு சார். ஆனா படிச்சி முடிச்சதும் ஒடனே உருட்டினா போவாது. தூசி சிக்கிக்கும்."

"சிக்கினா?"

"ஓரத்துல இழுத்துக்குவேன்."

"நேத்து சிக்கிச்சா?"

அவள் யோசித்தாள். "சிக்கிச்சி சார்."

"அத்த காட்டு. சிக்கறத காட்டு."

பிலோ மறுபடி நாலைத் தொட்டாள். கையை எடுத்தாள். படித்தாள். பிறகு விரலால் சக்கரத்தை ஒரு உருட்டு உருட்டினாள். பக்கம் நகரவில்லை.

"இதோ, சிக்கிகிச்சி" என்றாள்.

காதர் சார் கட்டத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு அங்கே இல்லை. சத்தமில்லாமல், ஒரு 'டிக்'கூடக் கேட்காமல், அஞ்சு வந்து உட்கார்ந்திருந்தது. கடைசியாகத் தொட்டது எண் கட்டம் என்பதால் சக்கரம் பக்கத்தை உருட்டவில்லை, எண்ணை உருட்டிவிட்டது. அவள் பட்டையை இழுத்துக் கீழே போனால் கட்டம் மேலே மறைந்துவிடும். பிறகு எதை அமுக்குகிறோம் என்று யாருக்கும் தெரியாது.

மேனேஜர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அடுத்த ஷிப்ட்டுக்கு வந்து வாசலில் நின்றிருந்த ஒரு ஆபரேட்டர் மெல்ல வாயைத் திறந்தார்: "சார்… எனக்கும் அன்னிக்கி ஒரு தபா வேற பெல்ட் ஓடிச்சி. நாந்தான் தப்பா போட்டேன்னு நெனச்சி நிறுத்திட்டேன்." இன்னொருவர், "எனக்கும்" என்றார். அவரவர் தன் கண்ணையும் தன் தூக்கத்தையும் குறை சொல்லிக்கொண்டு, வெட்கப்பட்டு, வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அன்றைக்கெல்லாம் பெல்ட் அடியில் ஆள் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

காதர் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"நான் சொல்லிக் குடுத்தத ஒரு எழுத்து மாறாம செஞ்சிருக்கா" என்றார். "கைய எடுன்னேன், எடுத்தா. படின்னேன், படிச்சா. படிச்சதுக்கும் அமுக்கறதுக்கும் நடுவுல இது மாத்தும்னு எனக்கே தெரியாதே. ஒயுங்கா செஞ்ச கைய இன்னா சார் பண்ணப் போறீங்க?"

பிலோவின் வேலை போகவில்லை. ஏழுமலைக்கு நஷ்டஈடு கிடைத்தது. துருப்பிடித்த பெட்டியையும் மாற்றினார்கள். அன்று சாயங்காலமே காதர் சார் சட்டைப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து எல்லா மவுஸையும் பிரித்தார். சக்கரத்தைப் பிடுங்கி, அந்த ஓட்டையைக் கெட்டியான பசையால் அடைத்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் அந்தக் கட்டத்தை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிலோ என்னைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு சடையங்குப்பம் போனாள். வாசலில் தண்ணீர் வற்றிச் சேறாக இருந்தது. ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிலோ ஏதேதோ சொல்ல நினைத்துக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாம்மா" என்றார் அவர். "நீ நாலுன்னுதான் சொன்னே. நான் நல்லா கேட்டேன். என் காதுல இன்னும் நாலுன்னுதான் கீது."

மறுநாள் பிலோ மேனேஜரிடம் போய், தன்னை லாரி எடைமேடைப் பக்கம் மாற்றிவிடச் சொல்லிக் கேட்டாள். ஓய்வு பெறும்வரை மைக்கைத் தொடவில்லை. கோயிலில் பாடுவதை மட்டும் விடவில்லை.

காதர் சார் இப்போது இல்லை. நானும் வெளியே வந்துவிட்டேன். அவர் கையால் அடைத்த மவுஸ்கள் ஒவ்வொன்றாகச் செத்து, அவற்றைப் பார்த்து அடைத்த மவுஸ்களும் செத்து, இப்போது புதுசு வாங்கப் போகிறார்கள். இட்லித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் குமரேசனுக்குப் போன் போட்டேன்.

"பிலோக்கா இன்னாத்துக்குச் சக்கரம் வேணான்னு சொல்லிச்சி, தெரியுமா ஒனக்கு?" என்றேன்.

"தெரியும்ணே. தூசி உள்ள போவாம இருக்கத்தானே நீங்கள்லாம் அந்த ஓட்டைய அடைச்சி வெச்சிருந்தீங்க? இப்ப ரூம்ல ஏசி போட்டு டைட்டா மூடியாச்சிண்ணே. தூசியே கெடையாது."

அடைத்த ஓட்டையை அவன் இத்தனை வருஷமாகத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஏன் அடைத்தோம் என்பதை ஒருத்தரும் அவனுக்குச் சொல்லவில்லை.

"புது மவுஸ் ஒண்ணு மாட்டியிருக்கியா?"

"சாம்பிளுக்கு மாட்டிக் கீதுண்ணே. சாஃப்ட்வேரும் புதுசு. நீங்க பாத்த பழசு இல்ல."

"பெல்ட்டெல்லாம் ஓடுதா?"

"இல்லண்ணே, இன்னிக்கி மெயின்டனன்ஸு. மெயினே ஆஃப்."

"சாவி எங்க?"

"எங்கிட்டதாண்ணே கீது. ஏண்ணே?"

"நம்பர் கட்டத்துல நாலு போடு."

"போட்டாச்சி."

"கைய எடு. படி."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. காதர் சாரின் சட்டம் இன்னும் அங்கே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறதாம். "நாலாம் பெல்ட்" என்று மைக்கில் படிப்பது போல இழுத்துப் படித்தான்.

"இப்ப சக்கரத்த ஒரு உருட்டு உருட்டு."

போனில் மெல்லிய ஒரு 'கிர்' கேட்டது.

"பக்கம் நவரலண்ணே" என்றான் குமரேசன். "தூசி சிக்கிகிச்சி போல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கட்டத்தப் பாரு குமரேசா" என்றேன்.

அவன் பார்த்தான்.

"அண்ணே… அஞ்சு கீதுண்ணே."